மரம் சோடிக்கிற கதை: யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் நத்தார்

டிசம்பர் பிறந்தால் யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு சேர்த்து ஒரு வாதமும் வந்துவிடும். பனியே விழாத ஊரில் மரத்துக்குப் பஞ்சு ஒட்டுவது ஏன்? பைன் மரமே இல்லாத மண்ணில் பிளாஸ்ரிக் பைன் எதற்கு? இது வெள்ளைக்காரன்ர பழக்கம்தானே? இந்தக் கேள்விகளைச் சைவ வீடுகளிலும் கேட்கலாம், கிறிஸ்தவ வீடுகளிலும் கேட்கலாம். "குடில் கட்டினால் காணும், மரம் எங்கட இல்லை" எண்டு சொல்லுகிற கத்தோலிக்கப் பெரியவர்களும் இருக்கினம்.

எங்கட நண்பர் வட்டத்திலும் இந்த வாதம் வந்தது. எங்களில் சிலர் கிறிஸ்தவர்கள், கூடுதலானோர் சைவர்கள். ஒருவரையொருவர் வெல்லப் பார்த்துக் களைத்த பிறகு ஒரு கேள்விதான் மிஞ்சியது: இந்த மரம் உண்மையில் எப்ப, யாரோடு, எந்த வழியால் எங்கட வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சொல் முதலில் வந்தது

தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் என்பதை நாங்கள் நத்தார் என்கிறோம். சிங்களத்திலும் நத்தல்தான். இரண்டும் போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லில் இருந்து வந்தவை. பிறப்பு என்பதுதான் பொருள். மேசை, அலுமாரி, சப்பாத்து, கடதாசி, பாண் என்று நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பாவிக்கிற சொற்கள் வந்த அதே கப்பலில்தான் நத்தாரும் வந்திருக்கிறது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் முற்றாக விழுந்தது. அவர்களோடு பிரான்சிஸ்கன் சபைக் குருமாரும் யேசு சபைக் குருமாரும் வந்தார்கள்.

பிரான்சிஸ்கன் என்ற பெயர் இந்தக் கதையில் முக்கியம். மாட்டுத் தொழுவம், வைக்கோல், குழந்தை என்று பிறப்பைக் கண்ணால் காணும்படி அமைத்துக் காட்டும் வழக்கத்தை 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் பரவச் செய்தவர் அசிசியின் புனித பிரான்சிஸ் என்பது கத்தோலிக்க மரபு. அவருடைய சபையினர் போன இடமெல்லாம் குடிலும் போனது. ஆகவே யாழ்ப்பாணத்து நத்தாரின் பழைய அடையாளம் குடில் என்று சொல்லுகிற பெரியவர்கள் பிழையாகச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் மரம் எங்கே நின்றது? ஜேர்மன் மொழி பேசும் ஊர்களில். 1605இல் ஸ்ராஸ்பேர்க் நகரத்து ஆட்கள் வீட்டு அறைக்குள் ஊசியிலை மரத்தை நிறுத்தி, அதில் கடதாசி ரோசாப்பூ, அப்பிள், தட்டையான அப்பம், இனிப்பு எல்லாம் தொங்கவிட்டார்கள் என்று ஒருவர் எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. மார்ட்டின் லூதர்தான் முதன்முதலில் மரத்தில் மெழுகுதிரி ஏற்றினார் என்று ஒரு கதை உண்டு. அவர் காலத்து எழுத்து எதுவும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. நீண்டகாலம் மரம் புரட்டஸ்தாந்து வீட்டின் அடையாளமாகவும், குடில் கத்தோலிக்க வீட்டின் அடையாளமாகவும் ஐரோப்பாவில் பார்க்கப்பட்டன. எங்கட ஊரில் இப்பவும் நடக்கிற 'குடிலா, மரமா' வாதத்தின் வேர் அங்கேதான் கிடக்கிறது.

1689: வீட்டுக்குள் ஒளித்த நத்தார்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்களுடையது கல்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபை. சுரூபம், படம், பூசை எல்லாம் அவர்களுக்கு ஆகாது. கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோயில்களைத் தங்கட சபைக்கு மாற்றினார்கள். வெளியில் சீர்திருத்தச் சபைப் பெயர், உள்ளே செபமாலை என்று சனம் இரண்டு வாழ்க்கை வாழத் தொடங்கியது.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரன் வேசத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். சில்லாலையைத் தளமாக வைத்துக்கொண்டு இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை செய்தார். 1689 நத்தார் இரவு, பூசைக்காக ஒளித்துக் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்துப் படையினர் சுற்றி வளைத்தார்கள். பலர் கைதானார்கள், சவுக்கடி பட்டார்கள். வாஸ் அவர்களிடம் பிடிபடவில்லை. பிறகு வன்னிக்கும் கண்டிக்கும் போய்ப் பணி செய்த அவரைத்தான் 2015 ஜனவரியில் கொழும்பில் வைத்துப் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

அந்தக் காலத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் ஆணையாளராக இந்தப் பிரதேசங்களுக்கு மேலே இருந்தவர் வான் ரீட். மலையாளக் கரையோரத்துச் செடி கொடி மரங்களை ஓவியங்களோடு பதிவுசெய்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' என்ற 12 பாகப் பெருநூலை உருவாக்கியவரும் அவர்தான். எங்கட பக்கத்து மரங்களை அவ்வளவு அன்பாகப் பார்த்த ஒரு மனிதரின் ஆட்சிக்குள், சனம் தங்கட வீட்டில் கூடிக் கும்பிட முடியாமல் இருந்தது என்பதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இந்தச் சம்பவத்தில் மரம் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் மரத்தின் கதையைச் சொல்ல முடியாது. கோயில் பறிபோன பிறகு யாழ்ப்பாணத்தில் நத்தார் உயிரோடு இருந்தது வீட்டுக்குள்தான். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1806இல். கிட்டத்தட்ட 150 வருசம். அதாவது ஐந்தாறு தலைமுறை. வீட்டு நத்தார் என்பது எங்களுக்கு முதலில் அலங்காரமாக வரவில்லை, தப்பிப் பிழைக்கிற வழியாக வந்தது.

நத்தார் இல்லாமல் வந்த அமெரிக்கர்கள்

1816இல் அமெரிக்கன் மிசனரிமார் தெல்லிப்பழையில் இறங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் பெண்கள் பாடசாலை, உதயதாரகைப் பத்திரிகை, மானிப்பாய் மருத்துவமனை எல்லாம் அவர்களுடைய வேலை. 'மிசனரிமாரோடுதான் கிறிஸ்மஸ் மரமும் வந்தது' என்று எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தோம். காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் அது அப்பிடி இலேசாகப் பொருந்தவில்லை.

அவர்களை அனுப்பிய சங்கம் 1810இல் மசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. அந்த மாநிலத்தை உருவாக்கியவர்கள் தூய்மைவாதிகள். கிறிஸ்மஸ் பைபிளில் இல்லாத ஒரு விழா, பழைய மூடப்பழக்கம் என்பது அவர்கள் கொள்கை. 1659இல் அங்கே கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து சிலிங் தண்டம் என்று சட்டமே போட்டார்கள். 1681இல் சட்டத்தை எடுத்தாலும் மனம் உடனே மாறவில்லை. மசசூசெட்ஸில் கிறிஸ்மஸ் பொது விடுமுறையானது 1856இல்தான். அதாவது தெல்லிப்பழைக்கு முதல் மிசனரிமார் வந்து 40 வருசம் கழித்து.

ஆகவே யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் தலைமுறை அமெரிக்கர்கள் நத்தாரைப் பெரிதாகக் கொண்டாடாத ஒரு மரபில் வளர்ந்தவர்கள். அவர்கள் வந்து இறங்கிய ஊரிலோ, தண்டனை வாங்கியும் நத்தாரைக் கைவிடாத கத்தோலிக்கச் சனம் இருந்தது. 'மேற்கத்தைய கிறிஸ்தவம்' என்று நாங்கள் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது எவ்வளவு அவசரமான வேலை என்று இந்த இடத்தில் விளங்கியது. மேற்கிலேயே நத்தாருக்கு எதிராகச் சட்டம் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் அதற்காக அடி வாங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

1848ஆம் ஆண்டு

மரம் உலகம் சுற்றத் தொடங்கியது ஒரு படத்தால். விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேட் ஜேர்மனியைச் சேர்ந்தவர். 1848இல் லண்டனில் வெளிவந்த ஒரு படப் பத்திரிகையில், ராசகுடும்பம் ஒரு சோடித்த மரத்தைச் சுற்றி நிற்கிற படம் வந்தது. இரண்டு வருசத்தில் அதையே கொஞ்சம் மாற்றி அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்றும் போட்டது. அதுவரை ஜேர்மன்காரர் பழக்கம் என்று பார்க்கப்பட்ட மரம், இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு மரபு என்று நாங்கள் நினைப்பது எவ்வளவு இளசு என்று பாருங்கள். இங்கிலாந்துக்காரருக்கே மரம் பொதுவான வழக்கமாகி இன்னும் 200 வருசம் ஆகவில்லை.

இதை வைத்துப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்கு மரம் வந்த காலம் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியாகத்தான் இருக்க முடியும். ஆங்கில அதிகாரிகளின் பங்களாக்கள், அங்கிலிக்கன், மெதடிஸ்த மிசன் வீடுகள், ஆங்கிலப் பாடசாலைகள், கொழும்பில் இருந்து வந்த பத்திரிகைகள் என்பவைதான் அதற்கு வழியாக இருந்திருக்கும் என்பது எங்கட கணிப்பு. குருநகர், பாசையூர் போன்ற கத்தோலிக்கக் கரையோர ஊர்களின் குடிலுக்குப் பக்கத்தில் அது போய் நின்றது அதற்கும் பிறகு.

அதே 1848இல் வண்ணார்பண்ணையில் இன்னொரு காரியம் நடந்தது. மெதடிஸ்த மிசன் பாடசாலையில் படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பிலும் வேலை செய்த ஆறுமுக நாவலர், சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம், அச்சகம், பிரசங்கம் என்று மிசனரிமார் கொண்டுவந்த கருவிகளை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். வெளியில் இருந்து வந்த வடிவத்தை வாங்கி, அதற்குள் தங்கட பொருளை வைப்பது இந்த ஊருக்குப் பழகின வித்தை. அதைச் சைவர்கள் செய்தால் மறுமலர்ச்சி என்றும், கிறிஸ்தவர்கள் செய்தால் அந்நிய மோகம் என்றும் சொல்லுவது நியாயமாகப் படவில்லை.

சவுக்குக் கொப்பும் பால்மாப் பேணியும்

பைன் இல்லாத ஊரில் எந்த மரத்தைச் சோடிப்பது? கிடைத்த விடை சவுக்கு. காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த அதே மரம். தூரத்தில் நின்று பார்த்தால் ஊசியிலை மரம் மாதிரித் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த ஊசிகள் இலையே இல்லை, கணுக்கணுவான மெல்லிய பச்சைத் தண்டுகள். உண்மையான இலை கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு செதிலாக இருக்கும். சவுக்கும் இந்த மண்ணுக்குப் பழையதல்ல. அதன்ர சொந்த இடம் தென்கிழக்காசியாவும் அவுஸ்திரேலியாவும் பசுபிக் தீவுகளும். வந்தேறி மரத்துக்குப் பதிலாக இன்னொரு வந்தேறி மரத்தை வெட்டிவந்து 'எங்கட கிறிஸ்மஸ் மரம்' என்று சொல்லியிருக்கிறோம். உப்புக்காற்றைத் தாங்கி, மணலைப் பிடித்து நிற்கிற அந்த மரத்தை ஒருத்தரும் இப்போது அந்நியன் என்று சொல்லுவதில்லை.

எங்கட வீட்டுப் பெரியவர்களிடமும் தெரிந்த குடும்பங்களிடமும் கேட்டபோது வந்த விவரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. ஒரு சவுக்குக் கொப்பு. அதை நிறுத்த மண் நிரப்பின வாளி, இல்லாவிட்டால் பெரிய பால்மாப் பேணி. பேணியைச் சுற்றி நிறக் கடதாசி. பனிக்குப் பஞ்சு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளை நகத்தால் நீவி எடுத்து வெட்டின நட்சத்திரம். போன வருசம் வந்த வாழ்த்து மட்டைகளை நூலில் கோர்த்துத் தொங்கவிடுவது. வெளியில் மூங்கில் சிலாகையும் ரிசுப் பேப்பரும் வைத்துக் கட்டின நட்சத்திரக் கூடு. சவுக்கு கிடைக்காத இடத்தில் வேலியில் நிற்கிற ஏதாவதொரு மரத்தின் காய்ந்த கொப்பு, அதற்கும் பஞ்சு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரம் சோடிப்பது வீட்டில் பிள்ளைகளின் வேலை. பலகாரம் அம்மாவும் அம்மம்மாவும், வெள்ளையடிப்பு அப்பா, மரம் பிள்ளைகள். பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகளும் அதில் சேர்ந்துவிடுவார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றி நட்டுத் தீபம் ஏற்றின அதே கைகள், ஒன்றிரண்டு கிழமையில் இங்கே வந்து பஞ்சு ஒட்டும். மார்கழித் திருவெம்பாவைக்குக் காலமை சங்கு ஊதிப்போகிற அதே ஒழுங்கையால் இரவில் கரோல் பாடிக்கொண்டு போவார்கள். பாடசாலைகளில் இதற்கு 'ஒளிவிழா' என்று பெயர். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு நல்ல பெயர் அது.

இருட்டுக்குள் சோடித்தவை

1882இல் நியூயோர்க்கில் எட்வேட் ஜோன்சன் என்பவர் முதன்முதலில் மரத்துக்கு மின்குமிழ் போட்டார். அதற்கு 108 வருசம் கழித்து, 1990இல், யாழ்ப்பாணம் மின்சாரமே இல்லாத ஊரானது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. சனம் கண்டுபிடித்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அதில் துளி எண்ணெய், சின்னத் திரி. ரேடியோ கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினார்கள்.

அந்த வருசங்களிலும் மரம் சோடித்திருக்கிறார்கள். மின்குமிழ் இருந்தது, மின்சாரம் இல்லை. முந்தின காலத்து மின்குமிழ் மாலையை எரியாமலே கொப்பில் சுற்றி வைத்த வீடுகளும் இருந்தனவாம், பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கை வைத்தால் அந்தக் குமிழ்கள் மினுங்கும் என்பதற்காக. இதைக் கேட்டபோது எங்களுக்குப் பேச வரவில்லை. ஊரடங்கு இருந்த காலங்களில் நள்ளிரவுப் பூசை பின்னேரத்துக்கு நகர்ந்தது என்றும் சொல்லுவினம். கோயிலுக்குப் போக முடியாத இரவில் நத்தார் திரும்பவும் வீட்டுக்குள் வந்தது. 1689 ஞாபகம் வந்ததென்றால் அது எங்கட பிழையல்ல.

பிறகு 1995. யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். ஒக்ரோபர் 30ஆம் திகதி, மழைக்குள், வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. அந்த வருச நத்தார் வந்தது இடப்பெயர்வுக்கு எட்டுக் கிழமை கழித்து. பாடசாலை மண்டபங்களிலும் கோயில் வளவுகளிலும் மர நிழல்களிலும் ஆட்கள் இருந்தார்கள். சோடனைச் சாமான் வைத்த பெட்டி விட்டுவந்த வீட்டில் கிடந்தது. திரும்பிப் போனபோது சிலருக்குப் பெட்டி இல்லை, சிலருக்கு வீடே இல்லை. நத்தாருக்கு எடுத்த குடும்பப் படங்களும் அதோடு போயின. இன்றைக்கு ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்திடம் 1995க்கு முந்தின நத்தார்ப் படம் ஒன்று இருந்தால் அது ஆவணம்தான்.

2004இலும் டிசம்பர் எங்களை விடவில்லை. நத்தாருக்கு மற்ற நாள், 26ஆம் திகதி காலமை, கடல் வந்தது. வடமராட்சி கிழக்குக் கரையில் மணற்காடும் தப்பவில்லை. மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலும் சவுக்கங்காடும் இருக்கிற அதே ஊர். அந்தக் கரையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு நத்தார் என்பது அதற்குப் பிறகு ஒருநாள் விழா அல்ல, இரண்டு நாள். முதல்நாள் பிறப்பு, மற்ற நாள் நினைவு. மணலைப் பிடித்து நிற்கிற அந்தக் காட்டுச் சவுக்கில் கொப்பு முறிக்க இப்போது எங்களுக்கு மனம் வராது.

அப்ப இந்த மரம் ஆருடையது?

இப்போது கடைகளில் விற்கிற மரமும் மின்குமிழும் அநேகமாகச் சீனாவில் இருந்து வருகின்றன. அங்குள்ள யிவு என்ற நகரம்தான் உலகத்து நத்தார்ச் சாமான்களின் பெரிய சந்தை. பெட்டியைத் திறந்து கம்பிக் கொப்புகளை விரித்தால் பத்து நிமிசத்தில் மரம் தயார். வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ சித்தியோ அனுப்பின சோடனையும் அதில் தொங்கும். கத்தோலிக்கருக்கு மரம் ஆகுமோ என்ற வாதமும் ஒருவகையில் முடிந்துபோனது. 1982இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலத்தில் வத்திக்கான் சதுக்கத்திலேயே குடிலுக்குப் பக்கத்தில் மரம் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

பிளாஸ்ரிக் மரத்தைக் கரித்துக்கொட்டுவது எங்கட நோக்கமல்ல. சவுக்கு வெட்டாமல் விடுவதற்கு அது ஒரு காரணமாகவும் இருக்கலாம். எங்கட கவலை வேறு. ஈயத்தாளும் பால்மாப் பேணியும் இருந்த காலத்தில், ஒவ்வொரு மரமும் அந்த வருசம் அந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக இருந்தது. பெட்டியில் வருகிற மரம் எல்லா வருசத்திலும் ஒரே மாதிரி. அதனால் சாட்சியை இனி நாங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. அரச ஆவணங்களில் எங்கட அம்மம்மாமாரின் சோடனை இருக்கப்போவதில்லை.

வாதத்துக்கு எங்கட பதில் இதுதான். மரம் வெளியில் இருந்து வந்தது, மெய். நத்தார் என்ற சொல்லும் வெளியில் இருந்து வந்தது. குடிலும் அப்பிடித்தான், சவுக்கும் அப்பிடித்தான். ஆனால் எரியாத மின்குமிழ் மாலைக்குப் பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துப் பார்த்தது ஸ்ராஸ்பேர்க்கிலும் நடக்கவில்லை, லண்டனிலும் நடக்கவில்லை. அது நடந்தது இங்கே.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் சரி, இந்த மாரியில் வீட்டில் இருக்கிற மூத்த ஆளிடம் போய் இருந்து, ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: "அம்மம்மா, தொண்ணூற்றைஞ்சு நத்தாருக்கு நீங்கள் எங்க இருந்தனீங்கள்?" சொல்லுவதை அவையின்ர சொல்லிலேயே, திகதியும் ஊரும் போட்டு எழுதிவையுங்கள்.